பொட்டிக்குக் காய்ச்சலா, மூச்சுத் திணறலா?

போன பதிவுல ஹாஸ்டல் சாம்பாரை ஆராய்ச்சி பண்ணி எல்லாரோட நேரத்தையும் வீணடிச்சேன். இந்தத் தடவை கொஞ்சம் உருப்படியான மேட்டர். கைவசம் பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்க மட்டும் நல்லா உக்காந்து படிங்க. புது லேப்டாப்காரங்க சும்மா படிச்சு வைங்க, நாலு வருஷம் கழிச்சு உதவும்.

பழைய லேப்டாப்புக்கு வர்ற வியாதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். மடியில வச்சா தொடை சுடும். அப்புறம் மவுஸை நகர்த்தினா அது யோசிச்சு யோசிச்சு நகரும். கடைசியில, முக்கியமான வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போது, பட்டுன்னு அணைஞ்சு போயிடும். நாம யார்கிட்டயாவது சொன்னா உடனே ஒரு பதில் ரெடியா இருக்கும்: "பழசாயிடுச்சுப்பா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு."

நான் சொல்ல வர்றது இதுதான். இப்படிச் சூடாகுற பொட்டிகள்ல நிறைய, வயசாகி சாகுறதில்ல. சூடு வெளிய போற வழி அடைபட்டுப் போய் மூச்சுத் திணறுது, அவ்வளவுதான். அந்த அடைப்பு எங்க இருக்குன்னு, ஒத்தை ரூபா செலவில்லாம, நம்ம உள்ளங்கையையும் ஒரு கடிகாரத்தையும் வச்சே முக்கால்வாசி கண்டுபிடிச்சிடலாம். பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி அதைச் செய்யணும்.

என் பொட்டியோட ஜாதகம் முதல்ல. என் மாமா கோயமுத்தூர்ல வேலை பார்க்கும்போது 2013ல வாங்கினது. உள்ள இருக்கிறது இன்டெல் கோர் ஐ5-3320எம், 2012ல வந்த சிப். ரெண்டு கோர், சாதாரண வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போல ஓடினா 3.3 வரைக்கும் போகும். 2022ல நான் காலேஜ் சேர்ந்தப்போ மாமா, "மாப்ள, இது இனி உன்னோடது, நல்லாப் பாத்துக்கோ"ன்னு குடுத்தாரு. ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏத்தினதும் சமத்தா ஓட ஆரம்பிச்சுது.

எங்க வீட்டுல அம்மா பிளவுஸ் தைக்கிறாங்க. புது லேப்டாப் நாப்பதாயிரத்துக்கு மேலன்னா, அது எத்தனை பிளவுஸ்னு கணக்குப் போட்டுப் பார்த்தா தலை சுத்தும். அதனால ஊரு பார்வைக்கு இது பழைய லேப்டாப், எனக்கு இது ஒரே லேப்டாப். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

2025 ஏப்ரல். மதுரை வெயில். மூணாம் வருஷ மினி ப்ராஜெக்ட்டுக்கு, கையால எழுதின தமிழ் எழுத்துகளை அடையாளம் கண்டுபிடிக்கிற ஒரு குட்டி மாடலைப் பயிற்சி குடுத்துக்கிட்டு இருந்தேன். முதல்ல ஒரு சுத்து ஓட ஒன்பது நிமிஷம் ஆச்சு. ரெண்டு மூணு வாரத்துல அதே சுத்து இருபது நிமிஷத்தைத் தாண்டுச்சு. அப்புறம் நடுவுல அணைய ஆரம்பிச்சுது. ரிவ்யூவுக்குப் பன்னெண்டு நாள். டவுன்ல ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் ஆன் பண்ணிப் பார்த்தாரு, கையை வச்சுப் பார்த்தாரு, "தம்பி, போர்டு வீக் ஆயிடுச்சு. மாத்த 8,500 ஆகும். பழைய மாடலு, கியாரண்டி சொல்ல முடியாது"ன்னாரு. யோசிச்சுட்டு வர்றேண்ணேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

சரி, இப்போ கொஞ்சம் பாடம். தூங்கிடாதீங்க.

ப்ராசசர் சாப்பிடுற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் மாறுது. என் சிப்புக்கு கம்பெனி சொல்ற கணக்கு 35 வாட். 35 வாட்டா, ஒரு குண்டு பல்பு அளவு கூட இல்லையேன்னு தோணும். ஆனா அந்தச் சூடு வர்ற இடம் எவ்வளவு? சிப்போட பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி, நம்ம சுண்டுவிரல் நகம் மாதிரி. இதையே வீட்டு இஸ்திரிப் பெட்டியோட ஒப்பிட்டுப் பாருங்க. 1000 வாட் பெட்டி, அடித்தட்டு ஒரு 200 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். நம்ம சிப்புல 30 வாட் பக்கம் வருது. அதாவது இஸ்திரிப் பெட்டியைவிட ஆறு மடங்கு நெருக்கமான சூடு. அதை நொடிக்கு நொடி வெளிய தள்ளிக்கிட்டே இருந்தாத்தான் பொட்டி உயிரோட இருக்கும்.

வெளிய தள்ளுற வழி அஞ்சு கட்டம். சிப் மேல ஒரு மெல்லிசான தெர்மல் பேஸ்ட். அதுக்கு மேல செம்புத் தகடு. அதுல இருந்து கிளம்புற ஒரு தட்டையான செம்புக் குழாய், அதாவது ஹீட் பைப். குழாயோட மறுமுனையில சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா அடுக்கின மெல்லிய தகடுகள், ஃபின்னு சொல்றது. கடைசியா அந்த ஃபின் வழியா காத்தைத் தள்ளுற ஃபேன். ரிலே ரேஸ் மாதிரிதான். அஞ்சு பேர்ல ஒருத்தன் படுத்துட்டாலும் மீதி நாலு பேரு எவ்வளவு வேகமா ஓடினாலும் புண்ணியம் இல்ல.

இதுல ஹீட் பைப் ஒரு அழகான சமாச்சாரம். அது வெறும் செம்புக் கம்பி கிடையாது. உள்ள காத்தை உறிஞ்சிட்டு, துளியூண்டு தண்ணி விட்டு மூடியிருப்பாங்க. அழுத்தம் ரொம்பக் கம்மியா இருக்கிறதால தண்ணி நூறு டிகிரிக்கு ரொம்ப முன்னாடியே ஆவியாகும். சூடான முனையில ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்க சூட்டைக் குடுத்துட்டு மறுபடி தண்ணியாகி, உட்சுவர்ல இருக்கிற நுண்ணிய துளைகள் வழியா திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி திரும்பி வரும். மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. 1963ல அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல ஜார்ஜ் குரோவர் செஞ்சு காட்டின விஷயம் இது. அப்போ இதை வச்சு விண்வெளிக் கருவிகளைக் குளிர்விக்க யோசிச்சாங்க. இப்போ நம்ம ஹாஸ்டல் கட்டில் மேல கிடக்குது.

பேஸ்ட் எதுக்குன்னு அடுத்த கேள்வி. சிப்பும் செம்பும் கண்ணுக்கு வழவழன்னு இருந்தாலும் நெருங்கிப் பார்த்தா மேடு பள்ளம். பள்ளத்துல காத்து மாட்டிக்கும். செம்பு சூட்டைக் கடத்துறதோட ஒப்பிட்டா காத்து சுமார் 15,000 மடங்கு மட்டம். அந்தக் காத்தை வெளிய தள்ளிட்டு இடத்தை நிரப்புறதுதான் பேஸ்ட்டோட ஒரே வேலை. வருஷக்கணக்குல சூடாகி ஆறி சூடாகி ஆறி அது காஞ்சு, ஓரத்துக்கு ஒதுங்கிடும். காத்து மறுபடி உள்ள வந்து உக்காந்துக்கும்.

இனிமேதான் முக்கியமான பாயின்ட். பொட்டி மெதுவாகுறதும் அணையுறதும் அது தன்னைக் காப்பாத்திக்கிற வழி. சிப்புக்குள்ளயே ஒவ்வொரு கோருக்கும் ஒரு வெப்பமானி இருக்கு. என் சிப்போட எல்லை 105 டிகிரி. அதைத் தொட்டா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்படியும் சூடு ஏறினா, கரண்ட்டை வெட்டிடும். இந்தப் பாதுகாப்பு எப்பவும் இருந்ததில்ல. 2001ல டாம்ஸ் ஹார்டுவேர் தளத்துக்காரங்க ஓடுற ப்ராசசர் மேல இருந்து ஹீட் சிங்க்கைப் பிடுங்கி எடுத்து வீடியோ பிடிச்சாங்க. அந்தக் காலத்து ஏஎம்டி அத்லான் புகைஞ்சு கருகிப் போச்சு. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த ப்ராசசர்கள்ல இப்படித் தானே தன்னைக் காப்பாத்திக்கிறது சாதாரணமாயிடுச்சு. ஆக உங்க லேப்டாப் பட்டுன்னு அணைஞ்சா, அது செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் இல்ல. சாகாம இருக்க அது அப்படிச் செய்யுதுன்னும் இருக்கலாம். நான் பஸ்ஸுல அந்த 8,500ஐ நெனைச்சுக்கிட்டே வரும்போது, இந்த ஒரு நெனப்புதான் கொஞ்சம் தெம்பு குடுத்துச்சு.

ரூமுக்கு வந்ததும் முதல் வேலை, மொத்த ப்ராஜெக்ட்டையும் பென்டிரைவ்ல காப்பி பண்ணினேன். எதைத் தொடுறதுக்கும் முன்னாடி அதைச் செஞ்சிடுங்க. அப்புறம் அளவு எடுத்தேன். லினக்ஸ்ல சென்சார்ஸ்னு ஒரு கட்டளை, வெப்பநிலையைச் சொல்லும். விண்டோஸ்காரங்களுக்கு எச்டபிள்யூஇன்ஃபோ இருக்கு, இலவசம்தான். ரெண்டு எண்ணு வேணும்: வெப்பநிலையும், அந்த நேரத்துல ஓடுற கிகாஹெர்ட்ஸும். ஒரு பழைய நோட்டுல எழுதினேன்.

ரூம்ல 36 டிகிரி. சும்மா இருக்கும்போது சிப் 66. மாடலை ஓட விட்டதும் அம்பது நொடியில 103. வேகம் 3.1ல இருந்து சரிஞ்சு 1.2 கிகாஹெர்ட்ஸ். பயிற்சி இருபது நிமிஷம் இழுத்ததுக்குக் காரணம் இதான். மூணு ஆள் வேலையை ஒரு ஆள் செஞ்சா அப்படித்தான் ஆகும்.

ரூம் வெப்பநிலையையும் மறக்காம எழுதுங்க மக்களே. ஃபேன் வச்ச எந்தப் பொட்டியும் ரூம் காத்தைவிடக் கீழ குளிராது. ரூம் பத்து டிகிரி ஏறினா சிப்பும் ஏறக்குறைய பத்து ஏறும். மார்கழியில எடுத்த அளவையும் கத்திரி வெயில்ல எடுத்த அளவையும் பக்கத்துல வச்சுப் பார்த்து, "அய்யோ கெட்டுப்போச்சு"ன்னு அலறக் கூடாது.

அடுத்தது கண்டுபிடிக்கிற படலம். நாலு சோதனை, நாலும் இலவசம்.

ஒண்ணு: யாரு வேலை வாங்குறா? ஒண்ணும் பண்ணாம சும்மா வச்சுட்டு டாஸ்க் மேனேஜரைத் திறங்க, லினக்ஸ்னா எச்டாப். ஏதாவது ஒரு புரோகிராம் சும்மாவே ப்ராசசரைப் போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தா, முதல் குத்தவாளி அதுதான். பிரவுசர்ல திறந்து மறந்துபோன நாப்பது டேப் கூட இருக்கலாம். என் பொட்டியில அப்படி ஒண்ணும் இல்ல.

ரெண்டு: கீழ மூச்சு விட இடம் இருக்கா? பல லேப்டாப்புக்கு காத்து உள்ள போற வழி அடிப்பக்கம்தான். அதைக் கொண்டுபோய் மெத்தை மேல, தலையணை மேல வச்சா மூக்கைப் பொத்தின மாதிரி. மேஜை மேல வச்சு, பின்பக்கம் ரெண்டு அழிரப்பரை முட்டுக் குடுத்துத் தூக்கிப் பாருங்க. எனக்கு மூணு டிகிரி குறைஞ்சுது. நல்லதுதான், ஆனா அடைப்பு வேற எங்கயோ இருக்கு.

மூணு, இதுதான் ராஜா: உள்ளங்கைச் சோதனை. பொட்டி நல்லா சூடாகி, ஃபேன் கத்தும்போது காத்து வெளிய வர்ற இடத்துல கையை வைங்க. காத்து பலமா, நல்ல சூடா வந்தா வழி சரியா இருக்கு, வேலைதான் ஜாஸ்தி இல்லன்னா ரூம்தான் அடுப்பு. ஃபேன் கத்துது, ஆனா காத்து பேருக்குத்தான் வருதுன்னா ஃபின்னுல தூசி அடைச்சிருக்கு. காத்து பலமா வருது, ஆனா வெதுவெதுப்பாத்தான் இருக்கு, சிப்போ 100ஐத் தொடுதுன்னா, சூடு ஃபின்னுக்கே வந்து சேரல. பேஸ்ட்டோ, ஹீட் பைப்போ, திருகு லூசோ, ஏதோ ஒண்ணு. ஃபேன் சத்தமே இல்லன்னா ஃபேனே போச்சு. பாருங்க, ஒரு கையை வச்சு நாலு வியாதியைப் பிரிச்சாச்சு.

நாலு: கடிகாரச் சோதனை. பொட்டியைக் கொஞ்ச நேரம் ஆற விட்டு, ஒரு கனமான வேலையைக் குடுத்து முதல் அஞ்சு நொடியைக் கவனிங்க. வேலை குடுத்த ரெண்டே நொடியில முப்பது டிகிரி எகிறினா, சிப்புக்கும் செம்புக்கும் நடுவுல சிக்கல், பேஸ்ட்டைச் சந்தேகப்படலாம். மெதுவா நிமிஷக்கணக்குல ஏறி உச்சிக்குப் போனா செம்பு சூட்டை வாங்கிக்குது, காத்துதான் கொண்டுபோகல, அதனால தூசியைச் சந்தேகப்படலாம்.

என் பொட்டியில காத்து நோஞ்சான் மாதிரி வந்துச்சு. அதோட ரெண்டு நொடியில 62ல இருந்து 91க்கு ஒரே தாவல். ஆக ரெண்டு வியாதியும் இருக்கு. தூசி, பேஸ்ட். போர்டு மேல சந்தேகப்பட இதுவரைக்கும் ஒரு சாட்சியும் இல்ல.

அடுத்து திறக்கணும். இங்கதான் வயித்துல புளி கரைச்சுது. ரிவ்யூவுக்கு ஒன்பது நாள், வேற பொட்டி கிடையாது. என் மாடலுக்கான பிரிக்கிற முறையை முழுசா ஒரு தடவை படிச்சேன். பவர் ஆஃப், சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சேன், உள்ள மிச்சம் மீதி கரண்ட் வடிஞ்சிடும். புது மாடல்ல பேட்டரி உள்ள இருக்கும். மூடியைத் திறந்ததும் முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க.

திருகுகள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம். அதுக்கு ஒரு கைவைத்தியம்: மெஸ் அக்காகிட்ட ஒரு பழைய இட்லித் தட்டு வாங்கிட்டு வந்தேன். எந்த வரிசையில கழட்டுறமோ அந்த வரிசையில குழிக்கு ஒரு செட். திரும்ப மாட்டும்போது அப்படியே பின்னாலிருந்து வந்தா போதும். நீளமான திருகைக் குட்டையான ஓட்டையில போட்டு முறுக்கினா போர்டையே துளைச்சிடும், ஜாக்கிரதை. ரூம்மேட் டார்ச் பிடிச்சான். "மச்சி, திருகு மிச்சம் வந்தா என்னடா பண்ணுவ?"ன்னு அடிக்கடி கேட்டு உற்சாகப்படுத்தினான் :-)

ஃபேனைத் தூக்கினதும் தெரிஞ்சுது. ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல, சாம்பல் கலர்ல, கம்பளித் துணி மாதிரி ஒரு போர்வை. பன்னெண்டு வருஷத்துத் தூசி. வெளியில இருந்து ஊதுனா இது வராது. அது இருக்கிறது ஃபின்னோட உட்பக்கம், இன்னும் உள்ளதான் தள்ளும். அதனாலதான் திறந்தே ஆகணும். இடுக்கியால பிடிச்சு இழுத்தா அப்பளம் மாதிரி ஒரே துண்டா வந்துச்சு. மீதியைப் பெயிண்ட் பிரஷ்ஷும் கேமரா துடைக்கிற ரப்பர் ஊதியும் வச்சு எடுத்தேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, கன்னாபின்னான்னு சுத்த விட்டா பேரிங் போகும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேணாம், அதோட குழாய்ல ஏறுற நிலைமின்சாரம் சிப்புக்கு ஆகாது.

இந்த இடத்துல நிறுத்திட்டு, பேஸ்ட்டைத் தொடாம, அப்படியே மாட்டி மறுபடி அளவு எடுத்தேன். ஒரு நேரத்துல ஒண்ணு மாத்தினாத்தான் எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு தெரியும். உச்சம் 103ல இருந்து 91. தூசிக்கு மட்டும் பன்னெண்டு டிகிரி. செலவு பூஜ்யம்.

மறுநாள் பேஸ்ட். ஒரு சின்ன ட்யூப் 250 ரூபா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு குட்டி பாட்டில் 90 ரூபா. ஹீட் சிங்க் திருகுகள் பக்கத்துல 1, 2, 3, 4ன்னு எண் போட்டிருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஒரே மூலையை முழுசா இறுக்கினா சிப்போட விளிம்பு உடையும். லேப்டாப் சிப்புக்கு மேல மூடி கிடையாது, வெறும் சிலிக்கான்தான் பளபளன்னு உக்காந்திருக்கும். பழைய பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சில்லாத துணியால துடைச்சதும் கண்ணாடி மாதிரி ஆச்சு. புதுசு எவ்வளவு? ஒரு பச்சரிசி அளவு. நிறைய வச்சா நிறைய குளிரும்னு நெனைக்கக் கூடாது, பள்ளத்தை நிரப்பத்தான் அது. பக்கத்துச் சின்னச் சிப்புகள் மேல ரப்பர் மாதிரி பட்டைகள் இருந்தா அதைக் கழட்டிட்டு பேஸ்ட் தடவாதீங்க, அங்க இடைவெளி பெருசு, பேஸ்ட் எட்டாது.

மாட்டினேன். திருகு மிச்சம் வரல, ரூம்மேட்டுக்கு ஏமாத்தம். பட்டனை அழுத்தினதும் திரை வர்ற வரைக்கும் ஒரு நாலு நொடி இருக்கே, அந்த நாலு நொடியில எனக்குத் தெரிஞ்ச எல்லாச் சாமியையும் கூப்பிட்டாச்சு.

அளவு இதோ. சும்மா இருக்கும்போது 48. முழு வேலையில உச்சம் 79. வேகம் 3.1லயே நிக்குது. ஒரு சுத்து மறுபடி ஒன்பது நிமிஷத்துக்குள்ள. மொத்தச் செலவு 340 ரூபா. ரிவ்யூவுக்கு எட்டு நாள் மீதி. அம்மாவுக்கு போன் பண்ணி, "ஒண்ணும் இல்லம்மா, தூசிதான்"னேன். "அதான் நான் தையல் மிஷினைத் தினமும் துடைக்கிறேன்"னாங்க. அவங்ககிட்ட இன்ஜினியரிங் பேசி ஜெயிக்க முடியாது.

திறக்கிறதுக்கு பயமா இருக்கிறவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. டர்போவை நிறுத்திடுங்க. விண்டோஸ்ல பவர் ஆப்ஷன்ல ப்ராசசரோட அதிகபட்ச அளவை 100ல இருந்து 99 சதவீதம்னு வச்சா பெரும்பாலும் டர்போ வேலை செய்யாது. ஒரு சதவீதத்துல என்ன வந்துடப் போகுதுன்னு கேப்பீங்க. வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏத்தணும், சாப்பிடுற கரண்ட் அந்த அழுத்தத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். அதனால வேகத்துல கொஞ்சம் விட்டுக் குடுத்தா சூட்டுல நிறைய குறையும். என் பொட்டியில டர்போ இல்லாம உச்சம் 68தான். மே மாசம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

செய்யக் கூடாத வைத்தியங்களும் ஹாஸ்டல்ல நிறைய கிடைக்கும். ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொன்னான் ஒருத்தன். குளிர்ந்த பொட்டியை வெளிய எடுத்ததும் ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி உள்ளயும் வேர்க்கும், போர்டு மேல தண்ணி, கதை முடிஞ்சுது. பேஸ்ட்டுக்குப் பதிலா டூத்பேஸ்ட்னு இன்னொருத்தன். முதல்ல வேலை செய்யும், அப்புறம் தண்ணி காஞ்சு பழைய நிலைமைக்கே போயிடும். கூலிங் பேட் தப்பில்ல, ஆனா ஃபின் அடைச்சிருக்கும்போது அதை வாங்குறது, மூக்கடைச்சவனுக்கு விசிறி வீசுற மாதிரி.

எல்லாப் பொட்டியும் பிழைக்கும்னு சொல்ல மாட்டேன். டச்பேட் மேல தூக்கிட்டு வந்தாலோ, அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கு. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது, நேரா தெரிஞ்சவங்ககிட்ட கொண்டுபோங்க. தீப்பிடிக்கிற விஷயம் அது. ஃபேன்ல கரகர சத்தம்னா பேரிங் தேய்ஞ்சிருக்கு, ஃபேனை மாத்தணும். புது பேஸ்ட்டுக்கு அப்புறமும் குழாயோட ஒரு முனை கொதிச்சு மறுமுனை சில்லுன்னு இருந்தா ஹீட் பைப் போச்சு. நான் அதுக்கப்புறம் எங்க விங்ல மூணு பேரோட பொட்டியைத் திறந்தேன். ரெண்டு பிழைச்சுது. மூணாவதுல ஃபேனும் நல்லா, பேஸ்ட்டும் நல்லா, சூடு 60 கூட இல்ல, ஆனாலும் அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அது நிஜமாவே போர்டு. அளவு எடுத்ததால, அவனும் வீண் செலவு பண்ணாம அதை விட்டுட்டான். அதுவும் ஒரு லாபம்தான்.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 என் சிப்பு மாதிரி பழசை முறைப்படி ஏத்துக்கிறதும் இல்ல. அதனால நல்லா ஓடுற எத்தனையோ லேப்டாப்புக்கு "பழசு"ங்கிற முத்திரை விழுந்தாச்சு. அதுல பல பொட்டி, லினக்ஸ் ஏத்தி, தூசி தட்டினா, யாரோ ஒரு பிள்ளைக்கு முதல் லேப்டாப்பா இன்னும் நாலு வருஷம் உழைக்கும். கடைக்காரர் சொல்றது தப்பாவே இருக்கும்னு சொல்லல. போர்டு போனாலும் பட்டுன்னு அணையும், சூடானாலும் பட்டுன்னு அணையும். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். பிரிச்சுச் சொல்லப் போறது அந்த ரெண்டு எண்ணும் உங்க உள்ளங்கையும்.

ஆக, "தூக்கிப் போடு"ன்னு யாராவது சொன்னா, போடுறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குங்க. நோட்டை எடுங்க, ரூம் வெப்பநிலையை எழுதுங்க, கையை வச்சுப் பாருங்க.

என் பொட்டிக்கு இப்போ பதிமூணு வயசு. இந்தப் பதிவை அதுலதான் தட்டிக்கிட்டு இருக்கேன், 51 டிகிரி. அடுத்த பதிவுல சந்திப்போம் மக்களே!